பிணத்துக்குப் பயந்தோம், மூச்சுக்குப் பயப்படவில்லை!

(நமது நிருபர்)

2020-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு. ஊரடங்கு நேரம். சென்னைத் தெருக்களில் ஈ, காக்கை இல்லை.

கீழ்ப்பாக்கத்தில் உள்ள கல்லறைக்கு ஓர் ஆம்புலன்சைக் கொண்டு போக ஏற்பாடு நடந்தது. அதில் இருந்தது ஒரு டாக்டரின் உடல். மூளை, நரம்பு ஆபரேஷனில் பெயர் எடுத்தவர். கொரோனா அவரையே விழுங்கி விட்டது.

"இங்கே புதைக்கக் கூடாது" என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆம்புலன்ஸ் அண்ணா நகர் வேலங்காடு மயானத்துக்குத் திரும்பியது. அங்கேயும் கும்பல் திரண்டு வந்தது. கல் பறந்தது. கட்டை பறந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. டிரைவர்கள் ரத்தம் சொட்டச் சொட்ட வண்டியை எடுத்துக் கொண்டு தப்பினார்கள். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளையும் கடைசி மண் போட முடியாமல் திரும்பினார்கள்.

நடுநிசியில், கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவர் போலீஸ் பாதுகாப்போடு உடலை மறுபடியும் கொண்டு வந்தார். தானே மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார்.

சுமார் 20 பேர் கைதானார்கள். சிலர் மீது குண்டர் சட்டமும் பாய்ந்தது. தொற்று நோயில் இறந்தவர் உடலை அடக்கம் செய்ய விடாமல் தடுத்தால் ஜெயில் என்று அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது.

இதெல்லாம் போலீஸ் செய்தி. நான் சொல்ல வந்தது வேறு.

அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு அன்று கொரோனா இருந்திருந்தால், அது பிணத்திடம் இருந்து வந்திருக்காது. தோளோடு தோள் இடித்துக் கொண்டு, பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினானே ஒரு ஆள், அவன் வாயில் இருந்து வந்திருக்கும்.

பிணம் மூச்சு விடுமா?

இந்த வைரசுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. ஒரு ஆளிடம் இருந்து இன்னொரு ஆளுக்குப் போக அதற்கு வாகனம் வேண்டும். அந்த வாகனம் மூச்சு. இருமல், தும்மல் மட்டும் அல்ல. பேச்சு, பாட்டு, சிரிப்பு, சும்மா விடுகிற மூச்சு எல்லாமே அதற்கு வண்டிதான்.

பிணம் இருமாது. பேசாது. மூச்சு விடாது. உடலைக் குளிப்பாட்டி, துணி சுற்றித் தூக்குகிறவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். அது நியாயம். ஆனால் ஆறடிக் குழிக்குள் போன உடல், அடுத்த தெருவில் தூங்குகிறவனுக்கு நோயைக் கொடுக்காது.

அன்று ஜனங்களுக்கு இதை யார் விளக்கிச் சொன்னார்கள்? "பரவுது, பரவுது" என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படிப் பரவுகிறது என்பதைப் பெரிய நிபுணர்களே தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார்கள்.

இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று 2020 மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, "காற்றிலும் பரவுகிறது, கவனியுங்கள்" என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் முழுசாக ஒப்புக் கொள்ள 2021 டிசம்பர் ஆகி விட்டது.

அதற்குள் நாம் எதற்கெல்லாம் பயந்தோம்! தக்காளியை சோப்புப் போட்டுக் கழுவினோம். பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டினோம். பேப்பரை இஸ்திரி போட்டுப் படித்தவர்கள் உண்டு. பேப்பரே வேண்டாம் என்று நிறுத்தியவர்களும் உண்டு. பேப்பர்க்காரனான எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை.

நோய் உள்ள இடத்தில் பொருளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு, ஒரு தடவைக்கு 10 ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கணக்குச் சொன்னது. கையைக் கழுவுவது நல்லதுதான். வயிற்றுப்போக்கு முதல் பல வியாதிகளை அது தடுக்கும். ஆனால் கையை மட்டும் கழுவிவிட்டு, ஜன்னலைச் சாத்தி, பத்துப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை.

பீடிப் புகை

இதைப் புரிந்து கொள்ளப் படிப்பு வேண்டாம். பீடிப் புகையை நினைத்துக் கொள்ளுங்கள்.

வாயில் இருந்து இரண்டு விதமாக ஈரம் வெளியே வருகிறது. ஒன்று பெரிய துளி. இருமும்போது கண்ணுக்கே தெரியும். கல் மாதிரி சீக்கிரம் தரையில் விழுந்து விடும். "ஆறடி தள்ளி நில்" என்றது இதை வைத்துத்தான்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத பொடித் தூறல். அது விழாது. புகை மாதிரி மிதக்கும். மூடிய அறையில் மணிக்கணக்கில் சுற்றிக் கொண்டே இருக்கும். வைரஸ் அதில் உட்கார்ந்து சவாரி போகிறது. ஒரு வைரசின் அகலம் தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு பொடி.

மெரினாவில் ஒருவர் பீடி பிடித்தால் பத்தடி தள்ளி இருப்பவருக்கு வாசனைகூட வராது. அதே பீடியைக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் பிடித்தால்? பின் சீட்டில் இருப்பவருக்கும் இருமல் வரும். அந்த ஆள் இறங்கிப் போன பிறகும் வண்டிக்குள் நாற்றம் இருக்கும். இந்த வைரசும் அப்படித்தான்.

அதனால் ஓர் இடத்துக்குள் நுழையும்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். "இங்கே ஒருவன் பீடி பிடித்தால் அந்தப் புகை என் மூக்குக்கு வருமா?" வரும் என்றால் கவனமாக இருக்க வேண்டிய இடம் அது.

ஓட்டலில் 3 மேஜை

சீனாவில் குவாங்சோ என்று ஒரு பெரிய நகரம். 2020 ஜனவரி 24-ந்தேதி, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள். ஓர் ஓட்டலில் மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் சாப்பிட உட்கார்ந்தன. ஒரு குடும்பம் முதல் நாள்தான் ஊகான் நகரில் இருந்து வந்தது. மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் அவர்கள் யார் என்றே தெரியாது.

அந்த மாடியில் ஜன்னல் இல்லை. ஏ.சி. ஓடியது. ஒரே காற்று அந்த மூன்று மேஜைகளுக்கு மேலே வட்டம் அடித்தது. சாப்பிட்டுப் போனவர்களில் 10 பேருக்கு நோய் வந்தது. பத்துப் பேரும் அந்த மூன்று மேஜைக்காரர்கள். அதே மாடியில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கு வரவில்லை. தட்டு எடுத்த, பரிமாறிய 8 ஊழியர்களுக்கும் வரவில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இதைவிடத் திடுக்கிடும் சம்பவம். 2020 மார்ச் 10-ந்தேதி ஒரு பாட்டுக் கோஷ்டி சர்ச்சில் ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். இரண்டரை மணி நேரம் வாய் விட்டுப் பாடினார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு ஜலதோஷம் மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அவரையும் சேர்த்து 53 பேர் படுத்தார்கள். இரண்டு பேர் இறந்து போனார்கள்.

பாட்டுக்கும் கூச்சலுக்கும் மூச்சு வேகமாக வரும், தூறலும் அதிகமாக வரும். இப்போது நம் கோயம்பேட்டுக்கு வாருங்கள்.

கோயம்பேடு

3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். விடிவதற்கு முன்னே லாரி, மினி வேன் சத்தம். "வழி, வழி" என்று மூட்டை தூக்குகிற தொழிலாளி கத்திக் கொண்டே ஓடுவார். ஏலக் குரல் காதைப் பிளக்கும். மேலே வானம் தெரியும். ஆனால் கடைச் சந்துக்குள் முகத்துக்கு முகம் ஒரு சாண்தான் இடைவெளி. வேலை முடிந்தால் தொழிலாளிகள் ஒரே அறையில் வரிசையாகப் படுப்பார்கள்.

2020 ஏப்ரல் 26-ந்தேதி முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்று அறிவிப்பு வந்தது. 25-ந்தேதி கூட்டம் மார்க்கெட்டிலும் கடைகளிலும் முண்டியடித்தது. நோயைத் தடுக்கப் போட்ட அடைப்பே முதல் நாள் நெரிசலைக் கூட்டி விட்டது.

மே 5-ந்தேதி கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் பூட்டு விழுந்தது. அதற்குள் தொழிலாளிகள் லாரி ஏறிக் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊருக்குப் போய் விட்டார்கள். நோயும் கூடவே போனது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. கோயம்பேடு மறுபடி திறக்கச் செப்டம்பர் 28-ந்தேதி ஆயிற்று.

அந்த நாட்களில் "கோயம்பேட்டுக்காரன்" என்றாலே ஊரில் தண்ணீர் தர மறுத்தார்கள். பாவம், உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு முருங்கைக்காய் தூக்கி வந்தவர் அவர்.

துப்பாக்கி சுடவில்லை

கடை வாசலில் காவலாளி நெற்றிக்கு நேரே ஒரு வெப்பமானித் துப்பாக்கியைப் பிடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பல இடத்தில் மணிக்கட்டைக் காட்டினால் போதும், உள்ளே விட்டு விடுவார்கள்.

அந்தத் துப்பாக்கி ஏன் கொரோனாவைப் பிடிக்கவில்லை? காரணம் இருக்கிறது.

2002-03-ல் சார்ஸ் என்று ஒரு நோய் வந்தது. இதே கொரோனா குடும்பத்து வைரஸ்தான். உலகம் முழுக்க 8,098 பேருக்கு வந்து 774 பேர் மாண்டார்கள். ஆனால் 2003 ஜூலைக்குள் அடக்கி விட்டார்கள். சார்ஸ் வந்தவர் காய்ச்சலில் விழுந்து, நன்றாக முற்றிய பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுப்பார். காய்ச்சல்காரனைப் பிடித்துத் தனியே வைத்தால் நோய் நின்று விடும்.

இந்த வைரஸ் அதன் அண்ணனை விடக் கில்லாடி. காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆள் அதைப் பரப்பத் தொடங்கி விடுகிறார். உடம்பு ஜோராக இருக்கும். கல்யாணத்துக்குப் போவார், ஆபீஸ் போவார், ஷேர் ஆட்டோவில் ஐந்தாவது ஆளாக உட்காருவார். துப்பாக்கி என்ன செய்யும்?

ஆகவே புது வைரஸ் ஒன்று வந்திருக்கிறது என்று செய்தி வந்தால், "எத்தனை பேர் செத்தார்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். எது வழியாகப் பரவுகிறது, காய்ச்சலுக்கு முன்பே பரவுமா, யாரை அதிகம் சாய்க்கிறது என்று கேளுங்கள். நிருபர்களையும் கேளுங்கள். நாங்களும் சாவுக் கணக்கை மட்டும்தான் பெரிய எழுத்தில் போட்டோம்.

ஜன்னலை மூடியது நான்தான்

2021 மே மாதம். இரண்டாம் அலை. எங்கள் வீடு புளியந்தோப்பில். ஒரு ஹால், ஒரு ரூம். அப்பா, அம்மா, தங்கச்சி, ஆயா, நான்.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. உள் ரூமில் தனியே படுக்க வைத்தோம். ஜன்னல் பக்கத்து வீட்டைப் பார்த்து இருக்கும். நடுவில் ஒரு சந்து.

"தம்பி, ஜன்னலை மூடுப்பா. எங்க வீட்ல கொழந்தைங்க இருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மேல் தப்பில்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நானே மூடினேன். கொக்கி லூஸ் என்று கயிறு போட்டுக் கட்டினேன்.

அப்பா விட்ட மூச்சு அந்த ரூமிலேயே நின்றது. கஞ்சி கொடுக்கப் போன அம்மா அதைத்தான் இழுத்தார். கதவு திறக்கும்போதெல்லாம் ஹாலுக்கு வந்தது. சந்துக்குள் போயிருந்தால் ஆகாசத்தில் கலந்து நீர்த்துப் போயிருக்கும். ஐந்தாறு நாளில் வீட்டில் எல்லோரும் படுத்தோம்.

ஆயாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு. மூச்சுத் திணறல் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலை போட்டுக் கொண்டு பேசிக் கொண்டுதான் இருந்தார். அடுத்த தெருவில் ஒருவரிடம் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரை இரவல் வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். 86 காட்டியது. மெஷின் கோளாறு என்று நினைத்து என் விரலில் போட்டேன். 97. மறுபடி ஆயா விரலில் போட்டேன். 86.

இந்த நோயின் திருட்டு வேலை இது. ரத்தத்தில் பிராணவாயு இறங்குவது ஆளுக்கே தெரியாது. 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதை நான் பிறகுதான் தெரிந்து கொண்டேன்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சில் ஆறு மணி நேரம் இருந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அந்த வாரம் எல்லா ஆஸ்பத்திரி வாசலும் ஒன்றுதான். படுக்கை கிடைத்தது. ஒன்பதாம் நாள் ஆயா போய் விட்டார்.

மற்ற நாலு பேரும் பிழைத்தோம். தங்கச்சிக்கு மட்டும் மூன்று மாதம் மல்லிகைப் பூ வாசனை தெரியவில்லை.

மருந்துக்குக் கியூ

அதே நாட்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரி பகல் கியூ. ரெம்டெசிவிர் ஊசி மருந்துக்கு. ஊர் ஊராக இருந்து வந்து செருப்பையும் பையையும் இடம் போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். கள்ள மார்க்கெட்டில் விற்றவர்களைப் போலீசார் வலை வீசிப் பிடித்தார்கள்.

அந்த மருந்து சாவைப் பெரிதாகத் தடுப்பதாகத் தெரியவில்லை, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு வேண்டாம் என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லி இருந்தது. பிறகு 2022-ல் சில நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று மாற்றிக் கொண்டது. எப்படி இருந்தாலும் தாலியை அடகு வைத்து வாங்க வேண்டிய சஞ்சீவி அல்ல அது.

நிஜமாக உயிர் காத்த மருந்து வேறு. டெக்சாமெதசோன். ரொம்ப மலிவு, ரொம்பப் பழசு. 2020 ஜூனில் முடிவு வெளிவந்த, இங்கிலாந்தில் நடந்த பெரிய சோதனையில், செயற்கை சுவாசக் கருவி வைத்தவர்களின் சாவை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் வைத்தவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. அதற்குக் கியூவும் இல்லை, கள்ள மார்க்கெட்டும் இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். மூச்சு நன்றாக இருக்கும்போது தின்றால் அது கெடுதல். சர்க்கரைக்காரர்கள் கண்டபடி ஸ்டீராய்டு எடுத்ததும், 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் கண்ணையும் தாடையையும் பறித்ததற்கு ஒரு காரணம்.

மூக்கு வெளியே

முகக்கவசம் போடாதவர்களுக்கு முதலில் 200 ரூபாய், 2022-ல் 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். ஜனங்கள் போலீஸ்காரருக்காகப் போட்டார்கள். தாடையில் போட்டார்கள். கழுத்தில் மாலை மாதிரி போட்டார்கள். மூக்கை வெளியே விட்டுப் போட்டார்கள். மூச்சு வருவதும் போவதும் மூக்கு வழி என்று தெரியாதது போல!

நன்றாகப் பொருந்துகிற என்-95 பொடித் துகளில் 95 சதவீதத்தை வடிகட்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகத்தான் போகும். முன்னால் பிளாஸ்டிக் மூடி வைத்த ரகம் ஒன்று ஸ்டைலாக விற்றது. அதில் நீங்கள் விடுகிற மூச்சு வடிகட்டாமல் அப்படியே எதிரில் இருப்பவர் மேல் போகும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை அது வேண்டாம் என்றது. ஆனாலும் பிளாட்பாரத்தில் விற்றுக் கொண்டுதான் இருந்தார்கள்.

ஜலதோஷம் இருந்தால் முதலில் நீங்கள் போடுங்கள். பஸ்சில் கண்ணாடியைத் திறந்து விடுங்கள். ஏ.சி. அறையில் கூட்டம் என்றால் ஒரு கதவையாவது திறந்து வையுங்கள், ஒரு எக்சாஸ்ட் பேனையாவது ஓட விடுங்கள். கரண்ட் பில் கூடும், கூடட்டும். காய்ச்சல் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். லீவு கொடுக்காத முதலாளியைத்தான் இதில் முதல் குற்றவாளி என்று சொல்வேன். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவன் வேறு வழி இல்லாமல் வருகிறான்.

தடுப்பூசி 2021 ஜனவரி 16-ந்தேதி தொடங்கியது. போட்டும் வந்ததே என்று பலர் கேட்டார்கள். வரும். அது ஹெல்மெட் மாதிரி. விபத்தைத் தடுக்காது, மண்டையைக் காக்கும். எங்கள் ஆயா "அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்.

மறுபடியும் ஒரு வதந்தி

2023 மே 5-ந்தேதி, கோயம்பேட்டைப் பூட்டி சரியாக 3 ஆண்டு ஆன அன்று, அவசர நிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவசரம்தான் முடிந்தது. வைரஸ் ஊரை விட்டுப் போகவில்லை. 2025 மே, ஜூனில்கூட ஒரு தடவை தலையைத் தூக்கிவிட்டு இறங்கியது.

அதற்கு முன் 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்று ஒரு பெயர் அடிபட்டது. "சீனாவில் புது வைரஸ்" என்று போனுக்குப் போன் பறந்தது. சென்னையில் ஒருவருக்கு, சேலத்தில் ஒருவருக்கு என்று அரசு சொன்னதும் பீதி. விஷயம் என்ன என்றால், அது 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்த பழைய வைரஸ். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண சளிக் காய்ச்சலாக வந்து போவது. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று கொண்டிருந்தார். அவரும் 2021-ல் படுத்துப் பிழைத்தவர்தான்.

"தம்பி, நீ பேப்பர்ல இருக்கிறவன், சொல்லு. மறுபடியும் ஜன்னலை மூடணுமா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. தொறந்தே வைங்க" என்றேன்.

எங்கள் ஜன்னல் கொக்கியில் அந்தக் கயிறு இன்னும் தொங்குகிறது. இப்போது காற்றுக்கு அடித்துச் சாத்திக் கொள்ளாமல் இருக்க, ஜன்னலை வெளிப்பக்கம் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.